பேசாத துறவிகளின் பள்ளிக்கூடமும் காந்தி தைத்த செருப்பும்

வணக்கம் நேயர்களே. 1914-ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்டபோது, தம்மைச் சிறையில் அடைத்த அரசின் அமைச்சரான ஜெனரல் ஸ்மட்ஸுக்குக் காந்தி ஒரு ஜோடி தோல் செருப்பைப் பரிசாகக் கொடுத்தார். அது சிறையில் இருந்தபோது அவர் தம் கையாலேயே தைத்தது. வழக்கறிஞர் ஒருவருக்குச் செருப்புத் தைக்கும் தொழில் எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு போனால், டர்பன் நகருக்கு மேற்கே உள்ள ஒரு கத்தோலிக்க மடத்தின் வாசலில் போய் நிற்போம். அந்த மடம் வளர்த்த பள்ளியில்தான், அரை நூற்றாண்டுக்குப் பிறகு, தென்னாப்பிரிக்க நிறவெறி எதிர்ப்புப் போராளி ஸ்டீவ் பிக்கோ படித்தார். மரியன்ஹில் புனித பிரான்சிஸ் கல்லூரி என்ற அந்த மேல்நிலைப் பள்ளியின் கதையைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

(திரையில்: டர்பன் நகரம் அமைந்த நேட்டால் பகுதியின் வரைபடம்)

பின்னணியை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரியாவில் பிறந்த பிரான்ஸ் ஃபானர் என்ற துறவி 1882-ஆம் ஆண்டு டிசம்பரில் தம் தோழர்களுடன் இங்கே வந்து மடம் அமைத்தார். சுற்றிலும் வாழ்ந்த ஜூலு மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். பெண் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதற்காக 1885-இல் ஒரு கன்னியர் சபையையும் உருவாக்கினார்.

இந்தத் துறவிகள் டிராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்கத் துறவியர் சபையைச் சேர்ந்தவர்கள் என்பதுதான் இதில் வியப்பானது. இறைச்சி உண்ணாமல், அதிகாலை இரண்டு மணிக்கே எழுந்து, மிக அவசியமான வேளை தவிர வாய் திறக்காமல், சைகைகளாலேயே ஒருவருக்கொருவர் செய்தி சொல்லிக்கொண்டு வாழ்வது அவர்களுடைய ஒழுங்கு. பேசக் கூடாது என்ற விரதம் பூண்டவர்கள், நாள் முழுவதும் பேசியே ஆகவேண்டிய பள்ளிக்கூட வேலையை ஏற்றுக்கொண்டார்கள். இந்த முரண்பாடு அவர்களை விடாமல் துரத்தியது. கடைசியில் 1909-இல் ரோம் நகரின் ஆணைப்படி மரியன்ஹில் மடம் டிராப்பிஸ்ட் சபையிலிருந்து பிரிந்து, தனி மறைபணி (மிஷனரி) சபையானது. பிள்ளைகளுக்காக மௌனத்தைக் கைவிட்டார்கள் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

இப்போது செருப்புக்கு வருவோம். 1895-ஆம் ஆண்டு, டர்பனில் வழக்கறிஞராக இருந்த 25 வயதுக் காந்தி, மரக்கறி உண்ணும் துறவிகளைக் காணும் ஆவலோடு மரியன்ஹில் சென்றார். அங்கே கொல்லர் பட்டறை, தச்சுப் பட்டறை, தோல் பதனிடும் இடம், செருப்புத் தைக்கும் இடம் ஆகியவற்றையும், அவற்றில் ஜூலு பிள்ளைகள் தொழில் பழகுவதையும் பார்த்தார். துறவிகள் உண்ணும் அதே உணவு பிள்ளைகளுக்கும் கிடைக்கிறது, நிறவேறுபாடு இங்கே பாராட்டப்படுவதில்லை என்று லண்டனிலிருந்து வெளிவந்த ஓர் இதழில் அவர் எழுதினார். நிறத்தை வைத்தே மனிதரை அளந்த நேட்டாலில் அவர் கண்ட காட்சி இது என்பதை மறந்துவிடாதீர்கள்.

பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. 1910-இல், சிறை சென்ற சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களைத் தங்கவைப்பதற்காக, கட்டடக் கலைஞர் ஹெர்மன் காலன்பாக் ஜோகன்னஸ்பர்க் அருகே 1,100 ஏக்கர் நிலத்தை அளிக்க, டால்ஸ்டாய் பண்ணை உருவானது. எல்லாவற்றையும் தம் கையாலேயே செய்துகொள்ள வேண்டும் என்பது அங்கே விதி. ஆகவே காலன்பாக் மரியன்ஹில் சென்று, அந்தத் துறவிகளிடம் செருப்புத் தைக்கக் கற்றுத் திரும்பினார். அவர் காந்திக்குக் கற்றுக்கொடுத்தார். காந்தி பண்ணையில் இருந்த மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அந்தப் பண்ணைவாசிகளில் தமிழ்க் குடும்பங்களும் இருந்தன. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து கற்பித்தவரும் காந்திதான். பேச்சுத் தமிழில் பிள்ளைகள் தம்மை எந்நாளும் வென்றுவிடுவார்கள் என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

ஸ்மட்ஸ் அந்தச் செருப்பைப் பல கோடைக்காலங்கள் அணிந்தார். 1939-இல், காந்தியின் எழுபதாவது பிறந்தநாளையொட்டி, இவ்வளவு பெரிய மனிதரின் செருப்பில் நிற்க எனக்குத் தகுதியில்லை என்ற பொருளில் எழுதினார். மரியன்ஹில் துறவிகள் கற்றுக்கொடுத்த தையல் இப்படி ஓர் ஆட்சியாளரின் காலடி வரை போய்ச் சேர்ந்திருக்கிறது. இதை முதன்முதலில் அறிந்த நாளில் எனக்கு நெடுநேரம் வேறு எதிலும் மனம் செல்லவில்லை.

கைத்தொழிலோடு தொடங்கிய அந்தக் கல்வி ஆசிரியர் பயிற்சியாகவும் மேல்நிலைக் கல்வியாகவும் வளர்ந்தது. ஜூலு மொழிக் கவிஞர் பெனடிக்ட் விலாகாசி இங்கே படித்து, 1923-இல் ஆசிரியர் சான்றிதழ் பெற்றவர். பின்னாளில் தென்னாப்பிரிக்காவின் கறுப்பினத்தவரில் முதன்முதலாக முனைவர் பட்டம் பெற்றவரும் அவரே. மண்டேலாவும் பேராயர் டுட்டுவும் வீடு வைத்திருந்த, ஜோகன்னஸ்பர்க்கின் சொவேட்டோ பகுதித் தெருவுக்கு இவருடைய பெயர்தான் சூட்டப்பட்டிருக்கிறது.

1953-இல் கறுப்பினத்தவருக்கான ‘பண்டு (Bantu) கல்விச் சட்டம்’ வந்தது. கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கூலி வேலைக்கு மேற்பட்ட கல்வி தேவையில்லை என்று கருதிய அரசு, மறைபணிப் பள்ளிகளை ஒப்படைக்கச் சொன்னது. மறுத்தால் மானியம் நின்றுவிடும். பல சபைகள் வேறு வழியின்றி ஒப்படைத்தன. கத்தோலிக்க ஆயர்களோ (பிஷப்புகளோ) மக்களிடம் நிதி திரட்டித் தங்கள் பள்ளிகளில் பெரும்பாலானவற்றைக் காப்பாற்ற முயன்றார்கள். இந்தப் பள்ளியின் வரலாற்றில் மிகப் பெரிய முடிவு இதுதான் என்பது என் உறுதியான கருத்து. அரசின் பணம் இல்லாமல் பள்ளி நடத்துவது பெரும் துன்பம். ஆனால் வகுப்பறையில் எதைப் பேசலாம் என்று அரசு கட்டளையிட முடியாத ஓர் இடம் அதனால் மிஞ்சியது.

அந்த இடத்துக்குத்தான் 1964-இல் ஸ்டீவ் பிக்கோ வந்தார். அண்ணன் அரசியல் சந்தேகத்தின் பேரில் கைதானதால், லவ்டேல் பள்ளியிலிருந்து சில மாதங்களிலேயே வெளியேற்றப்பட்ட மாணவர் அவர். மரியன்ஹில்லின் விடுதியில் இரண்டு ஆண்டுகள் தங்கிப் படித்தார். அல்ஜீரியாவின் விடுதலைத் தலைவர் பென் பெல்லாவையும் கென்யாவின் விடுதலைத் தலைவர் ஒடிங்காவையும் தம் நாயகர்களாகக் கொண்டார். பெரும்பான்மை மக்களின் ஆட்சி எப்படி வரும் என்று சிந்திக்கத் தொடங்கினார். 1966-இல் டர்பனில் மருத்துவம் படிக்கச் சென்று, கறுப்பின விழிப்புணர்வு இயக்கத்தை உருவாக்கியவர்களில் முதன்மையானவராக ஆனார். 1977 செப்டம்பர் 12 அன்று, காவலில் தாக்கப்பட்ட காயங்களால் தம் 30-ஆவது வயதில் இறந்தார்.

தென்னாப்பிரிக்காவில் வாழும் தமிழ் நேயர்களே, உங்களில் யாரேனும் மரியன்ஹில் சென்றிருந்தால், அங்கே கண்டதைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். டால்ஸ்டாய் பண்ணையில் செருப்புத் தைத்த குடும்பங்களின் வழிவந்தவர்கள் இதைப் பார்க்க நேர்ந்தால், உங்கள் வீட்டில் வழங்கிவரும் கதையைக் கேட்க மிகுந்த ஆவலோடு இருக்கிறேன்.