ஒரே டிக்கெட்ல அஞ்சு பேரு

(போன ஞாயித்துக்கிழமை கோபி நூலகத்துல பேசினது. பேசினபடியே எழுதியிருக்கேன்.)

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஸ்கூல் படிக்கறப்ப லீவு விட்டா இதே நூலகத்துல தான் கெடப்பேன், இன்னைக்கு இங்கயே மைக் முன்னாடி நிக்கறது பெரிய சந்தோஷம். உள்ள வரும்போது ஒரு அம்மா கையப் புடிச்சுகிட்டாங்க. "கண்ணு, எம்பொண்ணு கல்யாணமாகி போன மாசந்தான் ஜெர்மனி போனா, தெனமும் போன்ல நல்லாருக்கேன்னு தான் சொல்றா, ஆனா கொரலு நல்லால்ல"ன்னாங்க. நான் வேற ஒண்ணு பேசலாம்னு குறிப்பெல்லாம் எழுதிட்டு வந்தேன், அத மடிச்சு பையில வெச்சுட்டேன். அந்த அம்மாவுக்கு சொல்ல வேண்டியதத்தான் இப்ப எல்லாருக்கும் சேத்து சொல்றேன்.

நானும் எங்க வீட்டுக்காரரும் மியூனிக் போனது 2017 அக்டோபர்ல. அவருக்கு வேலை, எனக்கு விசா. அவ்வளவுதான் எங்க ரெண்டு பேருக்கும் அன்னைக்கு இருந்த வித்தியாசம், ஆனா அது எவ்வளவு பெரிய வித்தியாசம்னு டிசம்பர் வந்தப்ப தான் புரிஞ்சுது. அங்க டிசம்பர்ல காலைல எட்டு மணிக்கு தான் விடியும், சாயந்திரம் நாலு இருபதுக்கெல்லாம் பொழுது சாஞ்சுரும். அவரு ஆறரைக்கு வீடு வருவாரு. அதுவரைக்கும் நான் ஒரு மனுசங்கிட்ட ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். கடையில பில்லு போடறவங்க ஹலோ சொன்னா பதிலுக்கு ஹலோ, அது கணக்குல வராதுங்களே.

ஒரு நாள் அவரு வந்து டீ குடிச்சுட்டு "சக்கரை கொஞ்சம் கம்மி"ன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல. நான் அந்த டம்ளர வாங்கி சிங்க்ல கவுத்துட்டு ஓன்னு அழுதுட்டேன். அவருக்கு ஒண்ணுமே புரியல, பாவம், சட்டைய கூட மாத்தல, அப்படியே நிக்கறாரு. சக்கரைக்காகவா அழுதேன்? இங்க கோபில இருந்தா அம்மாகிட்ட ஒரு பேச்சு, பக்கத்து வீட்டு அக்காகிட்ட ஒரு பேச்சு, கோயில்ல ஒரு பேச்சுன்னு பத்து பேருகிட்ட பிரிச்சு எறக்கி வெக்கற பாரத்த, அங்க ஒரே ஒரு மனுசன் தலையில தூக்கி வெச்சிருந்தேன். அவரும் என் தலையில அப்படித்தான் வெச்சிருந்தாரு, வெளிய சொல்லல, அவ்வளவுதான். எவ்வளவு அன்பு இருந்தாலும் ஒரு ஊரு செய்யற வேலைய ஒரு ஆளு செய்ய முடியாதுங்க. நான் இன்னைக்கு சொல்ல வந்ததே இது தான்.

அம்மா குடுத்தனுப்பின ரெண்டு லிட்டர் கிரைண்டர் ஒண்ணு எங்ககிட்ட இருந்துச்சு. அங்கயும் நம்ம ஊரு மாதிரி 230 வோல்ட் தான், பிளக்கு மட்டும் வேற, ஒரு அடாப்டர் போதும். ஜனவரில ஒரு ஞாயித்துக்கிழமை காலைல பதினோரு மணிக்கு மாவுக்கு போட்டேன். கல்லு ரெண்டு சுத்து தான் சுத்தியிருக்கும், கதவு தட்டுது. கீழ் வீட்டுப் பாட்டி. ஜெர்மனில ஞாயித்துக்கிழமைன்னா முழு நாளும் அமைதி நேரம், ராத்திரி பத்துலருந்து காலைல ஆறு வரைக்கும் அதே மாதிரி. ட்ரில்லு போடறது, புல்லு வெட்டற மெஷின் ஓட்டறதெல்லாம் ஆகாது, கடையெல்லாம் மூடியிருக்கும். எனக்கு இது எதுவும் தெரியாது. அவங்க என்ன சத்தம்னு கேக்கறாங்க, எனக்குத் தெரிஞ்ச ஜெர்மன்ல "அரிசி, சாப்பாடு"ன்னேன். அவங்க உள்ள வந்து பாத்தாங்க. வெள்ளையா மாவு, நடுவுல உருளைக்கல்லு. ரொம்ப நேரம் பாத்துட்டு நிறுத்தச் சொல்லிட்டு போயிட்டாங்க, நானும் நிறுத்திட்டேன். மறுநாள் மீதிய ஆட்டி, ஓவன்ல லைட்ட மட்டும் போட்டு உள்ள வெச்சுட்டேன். குளிர் காலத்துல மாவு புளிக்க அது தான் வழி. செவ்வாக்கிழமை ரெண்டு தோசை சுட்டு கீழ கொண்டு போய் குடுத்தேன்.

அங்கருந்து தான் எங்களுக்கு ஊரு ஆரம்பிச்சுது.

அந்த பாட்டி தான் என்னை ஃபோல்க்ஸ்ஹோக்‌ஷூலெல சேரச் சொன்னாங்க. ஊரே நடத்தற பள்ளிக்கூடம் மாதிரி, பெரியவங்களுக்கு மொழி, சமையல், தையல் எல்லாம் சொல்லித் தருவாங்க. அங்க ஜெர்மன் வகுப்புல ஒரு சிரியாக்காரப் பொண்ணு எனக்கு பக்கத்து பெஞ்சு. ஸ்டேஷன் பக்கத்து மளிகைக் கடையில யாழ்ப்பாணத்து அக்கா ஒருத்தங்க, முதல் நாளே "தங்கச்சி, எப்ப வந்தனீங்கள், இருந்து கதைச்சிட்டுப் போங்கோ"ன்னு ஸ்டூல் போட்டாங்க, முருங்கைக்காய் வாங்கப் போன நான் ஒரு மணி நேரம் கழிச்சு வந்தேன். அதே கடையில தான் மதுரைக்கார ஜோடி ஒண்ணு பழக்கமாச்சு. வெளிநாடு போற பிள்ளைங்க வெக்கப்படக் கூடாதுங்க, கறிவேப்பிலை எடுக்கற எடத்துல ஒருத்தர் நின்னா போய் பேசிரணும்.

இப்ப டிக்கெட் விசயத்துக்கு வர்றேன். மியூனிக் இருக்கற மாநிலம் பவேரியா, அங்க பயர்ன் டிக்கெட்னு ஒண்ணு இருக்கு. ஒரே டிக்கெட்ல அஞ்சு பேரு வரைக்கும் அந்த மாநிலம் முழுக்க ஒரு நாள் சுத்தலாம். சாதா ரயில்ல மட்டும், வேக ரயில்ல செல்லாது. வார நாள்னா காலைல ஒம்போது மணிக்கு மேல, சனி ஞாயிறுன்னா நடு ராத்திரிலருந்தே. ஒவ்வொரு ஆளு கூடும்போதும் கொஞ்சந்தான் கூடும், அதனால அஞ்சு பேரா போனா ஒரு ஆளுக்கு ரொம்ப கம்மி. நாங்க ரெண்டு, மதுரைக்காரங்க ரெண்டு, நாலாச்சு. அப்ப ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேள்வி, அஞ்சாவது யாரு? இந்த ஒரு கேள்வி எங்களுக்கு எத்தனை பேர கொண்டு வந்து சேத்துச்சு தெரியுங்களா! பாலக்காட்டு ஸ்டூடண்ட் ஒரு பையன், எங்க வீட்டுக்காரர் ஆபீஸ்ல தனியா இருந்த ஒருத்தர், அப்புறம் அந்த சிரியாக்காரப் பொண்ணு. டிக்கெட்ல அஞ்சு பேரு பேரையும் எழுதணும்னு விதி. பேனா வாங்கி ரயில்வே பிளாட்பாரத்துல மொழங்கால் மேல வெச்சு எழுதுவோம். அந்த டிக்கெட்டெல்லாம் ஒரு நோட்டுல ஒட்டி வெச்சிருக்கேன், எல்லாம் வேற வேற கையெழுத்து.

ஃபூசென் போயி நாய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை பாத்தோம். லுட்விக் ராஜா 1869ல கட்ட ஆரம்பிச்சு, முடியறதுக்குள்ள 1886ல செத்துட்டாரு, அதே வருசம் ஜனங்களுக்குத் தொறந்து விட்டுட்டாங்க. போட்டோல எல்லாருமே பாத்திருப்பீங்க, அத விடுங்க. நான் சொல்ல நினைக்கறது கோனிக்ஸ்ஸே ஏரி. ரெண்டு பக்கமும் செங்குத்தா மலை, தண்ணி பச்சைக் கண்ணாடி. 1909லருந்தே அங்க கரண்டு படகு தான், அதனால சத்தமே இருக்காது. நடுவுல ஒரு எடத்துல படக நிறுத்திட்டு, படகுக்காரர் எந்திரிச்சு நின்னு டிரம்பெட் எடுத்து பாறைய பாத்து ஒரு அடி வாசிப்பாரு. நிறுத்துவாரு. ஒரு நொடி ஒண்ணுமில்ல. அப்புறம் அந்த மலை அதே மெட்ட திருப்பி வாசிக்கும். படகுல எல்லாரும் கை தட்டறாங்க, எம்பக்கத்துல அந்த சிரியாக்காரப் பொண்ணு கண்ணு கலங்கி உக்காந்திருக்கா. என்னாச்சுன்னேன். எங்க ரெண்டு பேருக்கும் இருந்த அரைகுறை ஜெர்மன்ல சொன்னா, "எங்க அம்மா கொரலும் போன்ல இப்படித்தான், ஒரு நொடி தள்ளி தள்ளி வருது"ன்னு. எங்க வீட்டுக்காரர் முன் சீட்டுலருந்து திரும்பிப் பாத்துட்டு, ஒண்ணும் பேசாம புளிசாத டப்பாவ தொறந்து அவகிட்ட நீட்டினாரு. படகு எறங்கறதுக்குள்ள அவ டப்பாவ காலி பண்ணிட்டா. அன்னைக்கு ராத்திரி வீடு வந்தப்ப நாங்க ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பேசினோம். எங்களப் பத்தி இல்ல, அவளப் பத்தி. ஒரு புருசம்பொண்டாட்டி பேசறதுக்கு மூணாவது மனுசர் ஒருத்தர் எவ்வளவு தேவைன்னு எனக்கு அப்ப தெரிஞ்சுது.

2023 மே மாசம் ஜெர்மனி முழுக்க சாதா ரயில், பஸ் எல்லாத்துக்கும் மாசம் 49 யூரோன்னு ஒரு டிக்கெட் வந்துச்சு, 2025ல அது 58 ஆச்சு. நல்ல திட்டம் தான், இப்ப எல்லாருகிட்டயும் அது இருக்கு. ஆனா அவங்கவங்க டிக்கெட் அவங்கவங்க போன்ல. அஞ்சாவது யாருன்னு கேக்கற தேவை போயிருச்சு. நாங்க விடல, இன்னும் கேக்கறோம்.

கோடைல அப்படியே தலைகீழுங்க, ஜூன்ல ராத்திரி ஒம்போது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். இங்கிலிஷர் கார்ட்டன்னு பெரிய பூங்கா, அதுல சீனக் கோபுரம் பக்கத்துல ஒரு பியர் கார்டன், 7000 பேரு உக்காரலாம். பியர்னதும் முகம் சுளிக்காதீங்க, பாட்டி, பேரன், கைக்குழந்தை எல்லாம் வர்ற எடம் அது, நான் ஆப்பிள் ஜூஸ்ல சோடா கலந்தத குடிப்பேன். விசேஷம் என்னன்னா அங்க சாப்பாடு நாமளே கொண்டு போலாம். 1812ல மாக்ஸிமிலியன் யோசப் ராஜா, பியர் காச்சறவங்க அவங்க நிலவறை வாசல்ல பியரும் ரொட்டியும் மட்டும் விக்கலாம், வேற சாப்பாடு விக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டாரு. ஓட்டல்காரங்க பொழப்பு கெடக் கூடாதுன்னு. ஜனங்க வீட்டுலருந்து சோறு கட்டிட்டு வர ஆரம்பிச்சாங்க, இருநூறு வருசத்துக்கு மேல அது அப்படியே நிக்குது. துணி விரிச்ச மேசைல மட்டும் உக்காரக் கூடாது, அது பரிமாறற எடம். இத சொல்லிக் குடுத்ததும் எங்க பாட்டி தான். நாங்க எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல் கொண்டு போவோம், அவங்க வெள்ளை முள்ளங்கிய சுருள் சுருளா சீவி உப்பு தூவி கொண்டு வருவாங்க. எலுமிச்சை சாதத்துக்கு அந்த முள்ளங்கி அவ்வளவு பொருத்தம்.

அங்க ஒரு நாள் தான் பாட்டி என்னைய "டூ"ன்னு கூப்பிட்டாங்க. ஜெர்மன்ல சீ-ன்னா நீங்க, டூ-ன்னா நீ. பெரியவங்களா வாய் விட்டு "இனிமே நீன்னே கூப்பிடு"ன்னு சொன்னா தான் நாம கூப்பிடலாம். கதவு தட்டின அந்த ஞாயித்துக்கிழமைலருந்து ஒன்றரை வருசம் ஆச்சு அதுக்கு. அன்னைக்கு மரத்தடில அவங்க கைய நீட்டி பேர சொன்னப்ப, எங்க அம்மாயி மடியில படுத்த மாதிரி இருந்துச்சு எனக்கு.

அம்மா, உங்க பொண்ணுகிட்ட நல்லாருக்கியான்னு கேக்காதீங்க. இன்னைக்கு யாருகிட்ட பேசினேன்னு கேளுங்க. மாப்பிள்ளைகிட்டயும் அதையே கேளுங்க. மூட்டை கட்டும்போது நாலு தட்டு இட்லி குண்டா வேண்டாம், ஆறு தட்டா வாங்கி அனுப்புங்க.

நாங்க வர்ற வெள்ளிக்கிழமை கெளம்பறோம், சனிக்கிழமை காலைல மியூனிக். அன்னைக்கு சாயந்திரமே மாவு ஆட்டியாகணும், ஞாயித்துக்கிழமை ஆட்ட முடியாதில்லைங்களா, எங்க ரயில் சிநேகிதங்க எல்லாம் ஞாயிறு சாயந்திரமே வர்றோம்னு சொல்லிட்டாங்க. வீட்டுச் சாவி பாட்டிகிட்ட இருக்கு. நேத்து போன் பண்ணி, அரிசி உளுந்த நானே ஊறப் போட்டு வெக்கறேன், அளவு மட்டும் இன்னொரு தடவை சொல்லுன்னாங்க. நாலுக்கு ஒண்ணுன்னு சொன்னேன், வெந்தயம் ஒரு ஸ்பூன். எழுதிகிட்டாங்க.