அம்மம்மா எச்சில் தொட்டுப் புரட்டிய கதை

வணக்கம் உறவுகளே. வழக்கமாக நல்லூர் வீதியில் நடந்தபடி பேசும் நான், மழை விடாததால் இன்று விறாந்தையில் அமர்ந்திருக்கிறேன். படமெடுத்துச் சேமித்த நூற்பக்கங்களைக் கைத்தொலைபேசியில் பெருப்பித்துப் பெருப்பித்துப் படிக்கும் கொடுமையைப் பற்றிப் போன காணொளியில் புலம்பியிருந்தேன் அல்லவா? அந்தக் கோபத்தில், வாசகரே பாதையைத் தெரிவு செய்யும் கதை ஒன்றை நானே எழுதிவிட்டேன்!

கிறிஸ் கிளைமஸ் 2009இல் உருவாக்கிய ட்வைன் என்ற இலவச மென்பொருளில் செய்தேன். ஒரு சொல்லை இரட்டைச் சதுர அடைப்புக்குள் இட்டால், அது தட்டினால் அடுத்த பகுதிக்குக் கொண்டுபோகும் தொடுப்பாகிவிடும். நிரல் எழுதத் தெரியாத எனக்கு அதில் தொல்லை இல்லை. தொல்லை முழுவதும் தட்டச்சில்தான் வந்தது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்திப் பக்கம் ஒரு கடையில் பக்கத்துக்கு 120 ரூபா வீதம் பத்துப் பக்கத்துக்கு 1,200 ரூபா கொடுத்தேன். வீட்டுக்கு வந்து ஒட்டிப் பார்த்தால் ஒரு தமிழெழுத்தும் இல்லை. ஆங்கில எழுத்துகளும், புள்ளி வரவேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளியுமாக நிற்கின்றன. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போர்த்தும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள்! எங்கு ஒட்டினாலும் தமிழாகவே நிற்கும் ஒருங்குறி (யூனிகோட்) வேண்டுமென்று நான் சொல்லவில்லையாம். இணையத்தில் உள்ள இலவச மாற்றியால் ஐந்து நிமிடத்தில் சரிசெய்தேன் என்பது உண்மைதான், ஆனாலும் அந்த 1,200 ரூபா நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

கதையைச் சொல்ல மறந்துவிட்டேன். குறிகட்டுவானில் நயினாதீவுக்கான கடைசிப் படகு புறப்படப் போகிறது. அதில் ஏறுவதா, கரையில் தனியே நிற்கும் பெண்ணோடு பேசுவதா என்பதை வாசிப்பவர் முடிவு செய்ய வேண்டும்.

தரம் 8 படிக்கும் மருமகன் இரண்டே நிமிடத்தில் முடித்தான். நீல நிறத்தில் தெரியும் தொடுப்புச் சொற்களை மட்டும் தட்டிக்கொண்டு போனவனிடம் அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டால், “எந்தப் பொம்பிளை மாமா?” என்கிறான். அமெரிக்க எழுத்தாளர் மைக்கல் ஜொய்ஸ் 1987இல் முன்வைத்த, தொடுப்புகளைப் பிடித்துப் படிக்கும் மீயுரைக் கதையில், எந்தச் சொல் தொடுப்பு என்பதை அடையாளமிடாமலே விட்டிருந்தார் என்பது நினைவுக்கு வர, நானும் நீலத்தை நீக்கிவிட்டேன். போன் பழுதாகிவிட்டதென்று மருமகன் திருப்பித் தந்துவிட்டான். ஆகவே இப்போது ஒவ்வொரு பகுதியிலும் கடைசி வரியில் மட்டுமே தொடுப்பு வைக்கிறேன். ‘அடுத்து’ என்று மட்டும் எழுதிய பொத்தானை வைத்துவிட்டு அதை ஊடாட்டம் என்பவர்களை எனக்குப் பிடிக்காது. அது தாள் புரட்டுவதேயன்றி வேறில்லை.

தாள் புரட்டுவது என்றதும் அம்மம்மா நினைவுக்கு வருகிறார். எச்சில் தொட்ட விரலால் அவர் தட்டத் தட்டத் திரை அசையவே இல்லை; துடைத்துக் கொடுத்தால் மறுபடியும் விரல் நாவுக்குப் போகிறது. ஆனால் ஒரு வரியைக்கூட அவர் விடவில்லை. பிரியும் இடம் ஒவ்வொன்றையும் நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் குறித்துக்கொண்டு, ஓரத்து அம்புக்குறியால் திரும்பி வந்து மற்றப் பாதையையும் படித்தார். ஒன்றரை மணி நேரம்! முடித்துவிட்டு, “படகும் போட்டுது, இருட்டியும் போச்சு, அந்தப் பிள்ளைக்கு ஆர் சோறு குடுத்தது? அதையும் எழுது” என்றார்.

அந்தப் பாதையைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். இம்முறை தட்டச்சும் நானே.