எல்கின் பிரபு: கையெழுத்தா, நெருப்பா?

நடுவர் அவர்களே, வணக்கம். ஸ்காட்லாந்துப் பிரபு, எட்டாம் எல்கின், ஜேம்ஸ் புரூஸ். அவர் வாழ்க்கையில் விஞ்சி நிற்பது கனடாவில் போட்ட கையெழுத்தா, சீனாவில் வைத்த நெருப்பா? நெருப்புதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் கனடாவின் மான்ட்ரியல் நகரத்துக் கதையை உருக்கமாகச் சொன்னார். கலகத்தில் சொத்து இழந்தவர்களுக்கு இழப்பீடு தரும் மசோதா, அதில் 1849 ஏப்ரல் 25-ல் அங்கே பிரிட்டனின் ஆளுநராக இருந்த எல்கின் கையெழுத்துப் போடுகிறார், தனக்கே அதில் தயக்கம் இருந்தும், மக்கள் தேர்ந்தெடுத்த சபை நிறைவேற்றியது என்பதற்காக. அன்றிரவே கும்பல் நாடாளுமன்றத்தைக் கொளுத்தியது. அவர் வண்டிமேல் முட்டை வீசினார்கள், பிறகு கல்லும் வீசினார்கள். அப்போதும் அவர் படையை ஏவிச் சுடச் சொல்லவில்லை. சரி, அத்தனையும் உண்மை. என் வாதமே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பொறுமை என்றால் என்னவென்று இவருக்குத் தெரியும். தெரிந்தவர்தான், பிரிட்டனும் பிரான்சும் சீனாவோடு நடத்திய போரில் பிரிட்டனின் தூதராகப் போய், 1860 அக்டோபர் 18-ல் பீக்கிங் (இன்றைய பெய்ஜிங்) அருகே யுவான்மிங்யுவான் அரண்மனையைக் கொளுத்த உத்தரவிட்டார். சீனப் பேரரசர்கள் பல தலைமுறையாகக் கட்டிச் சேர்த்த மண்டபங்கள், தோட்டங்கள், நூல்கள் எல்லாம் நாள்கணக்கில் எரிந்தன. பிரெஞ்சுப் படையும் முன்பே அங்கே கொள்ளையடித்ததுதான், ஆனால் எரிக்க வரமாட்டோம் என்று அவர்களே ஒதுங்கிக்கொண்டார்கள்.

"சமாதானம் பேசப் போன பிரிட்டிஷ், பிரெஞ்சுக் குழுவினரைச் சீனர்கள் சிறைபிடித்துச் சித்திரவதை செய்து கொன்றார்களே, அதற்குத் தண்டனை வேண்டாமா?" என்று கேட்டார் நண்பர். கொன்றது கொடுமை, அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் அதற்கென்றே 3 லட்சம் டேல் (சீன எடை அளவு) வெள்ளி கேட்டு வாங்கியாயிற்றே. பேரரசரோ ஏற்கெனவே வடக்கே ஜெஹோலுக்கு ஓடிவிட்டார். பிறகு அந்தத் தீ யாரைத் தண்டித்தது?

"அவர் மனசாட்சி உள்ளவர், தென்சீனத்தின் கான்டன் நகரத்தைப் பீரங்கியால் தாக்கப் போகும்போது வெட்கமாக இருக்கிறது என்று மனைவிக்கு எழுதினார்" என்றும் சொன்னார்கள். ஆமாம், 1857 டிசம்பரில் எழுதினார். எழுதிவிட்டுத் தாக்கவும் செய்தார், மூன்று வருஷம் கழித்து இதையும் செய்தார். தவறென்று தெரியாமல் செய்தவருக்குக் காட்டும் இரக்கத்தை இவருக்கும் காட்டச் சொன்னால் எனக்கு மனம் வரவில்லை, நடுவர் அவர்களே.

தீ வைத்த ஆறாம் நாள், அக்டோபர் 24, பல்லக்கில் பீக்கிங்குக்குள் போய் உடன்படிக்கையை முடித்தார், ஹாங்காங் தீவுக்கு எதிரே உள்ள கௌலூன் பிரிட்டனுக்குப் போனது. அந்த உடன்படிக்கையைப் பற்றி என் அணித் தோழி விரிவாகப் பேசுவார். நன்றி.