குப்பி ஏன் பாதியில் நின்றது?

(வெள்ளவத்தையில் பட்டப்பின் படிப்பு மாணவர்கள் மத்தியில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். பத்து நிமிடம் என்று தலைவர் சொல்லிவிட்டார், கடிகாரமும் அவர் கையில்தான் இருக்கிறது. அதனால் நேரே வருகிறேன்.

இலங்கையில் கெம்பஸ் போனவர்களுக்கு 'குப்பி' என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. பரீட்சைக்கு முந்திய வாரம், பாடம் விளங்கிய ஒருவர் விளங்காத இருபது பேரை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பது. சிங்கள மாணவர்களுக்கும் இதே சொல்தான். குப்பி விளக்கைச் சுற்றியிருந்து படித்த காலத்துப் பெயர் என்பார்கள். நான் புள்ளிவிபரவியல் பாஸ் பண்ணியது விரிவுரையால் அல்ல, குப்பியால்.

ஆனால் முதுமாணி, முதுதத்துவமாணி என்று பட்டப்பின் படிப்புக்குப் போனதும் குப்பி நின்றுவிடுகிறது. ஆளுக்கொரு தலைப்பு, பொதுவான பரீட்சை இல்லை. பலர் வேலை பார்த்துக்கொண்டு சனி, ஞாயிறு மட்டும் வருகிறார்கள். வவுனியாவிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து, வகுப்பு முடிந்ததும் அடுத்த பஸ்ஸைப் பிடிப்பவரோடு எப்போது பேசுவது?

என் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தின் ஓரத்தில் மேற்பார்வையாளர் சிவப்பு மையில் ஆங்கிலத்தில் இரண்டே சொல் எழுதினார்: 'ஸோ வட்?' அதனால் என்ன என்று. மூன்று வாரம் அறையை விட்டு வெளியே வரவில்லை. பிறகு, எனக்கு இரண்டு வருடம் முந்திய ஒரு அக்கா தன் பழைய அத்தியாயத்தை எடுத்துக் காட்டினார். அதிலும் சிவப்புதான். "எனக்கும் இதைத்தானே எழுதினவர்! நீர் மற்றவை சொன்னதையெல்லாம் அடுக்கி வைச்சிருக்கிறீர். அதில என்ன குறையுது எண்டு சொல்லேல்லை" என்றார். பத்து நிமிட வேலை.

2018இல் நேச்சர் பயோடெக்னாலஜி ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. 26 நாடுகளில் 2,279 பேர், பெரும்பாலும் கலாநிதிப் பட்ட மாணவர்கள், பதில் சொல்லியிருந்தார்கள். 39 வீதமானோரிடம் மிதமான அல்லது கடுமையான மனச்சோர்வு தெரிந்தது. பொதுமக்களில் அது 6 வீதம். தாமாக முன்வந்தவர்களிடம் கேட்ட கணக்கு, வாடியவர்களே கூடுதலாகப் பதில் எழுதியிருக்கலாம். பாதியாகக் குறைத்துப் பார்த்தாலும் சின்னத் தொகை இல்லை.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. 'சீனியர்' என்றதும் நம்மில் பலருக்கு ராகிங்தான் ஞாபகம் வரும். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைத் தடை செய்தது. பயம் சட்டத்தோடு போய்விடவில்லை. முதல் வருடத்தில் தலை குனிந்து நின்ற பிள்ளை, முப்பது வயதில் மூத்தவரிடம் போய் "எனக்கு விளங்கேல்லை" என்று எப்படிச் சொல்லும்? ஆகவே முதல் அடியை மூத்தவர்தான் வைக்க வேண்டும். அதுவும் புத்திமதியோடு அல்ல, தன் சிவப்பு மைப் பக்கத்தோடு.

ஒரு எல்லையும் சொல்ல வேண்டும். நாம் மருத்துவர்கள் இல்லை. ஒருவர் சாப்பிடாமல், தூங்காமல், வாழ்ந்து என்ன பயன் என்று பேசத் தொடங்கினால், அத்தியாயத்தை மூடி வைத்துவிட்டு தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அவரோடு இருந்தே எடுங்கள்.

சரி, இதற்கு ஒரு குழு அமைக்கலாமே என்று யாரோ எழும்புவது தெரிகிறது. தயவுசெய்து வேண்டாம். தலைவர், செயலாளர், பொருளாளர் தெரிவிலேயே ஆறு மாதம் போய்விடும். வருகிற சனிக்கிழமை வகுப்பு முடிந்து கன்டீனுக்கு வாருங்கள். ஆளுக்கு ஒரு பக்கம், திருத்தி வாங்கியது. 'ஸோ வட்' பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது, கொண்டு வருகிறேன். பிளேன்டீ என் கணக்கு.