சரளைக் குவியலில் கிடந்த கோடாரி

(ஆந்திர எல்லையில் இருக்கும் சத்தியவேட்டில் நடந்த நூலக விழா ஒன்றில் பேசியதை எழுதிக்கொடுக்கச் சொன்னார்கள். பேசியபடியே எழுதியிருக்கிறேன்.)

விழாத் தலைவர் ஐயா அவர்களே, சர்பஞ்ச் அம்மா அவர்களே, மண்டலக் கல்வி அதிகாரி அவர்களே, ஊத்துக்கோட்டையிலிருந்து இந்த வெயிலில் பஸ் பிடித்து வந்திருக்கும் புலவர் பெருமக்களே, திருத்தணியிலிருந்து வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் பழைய மாணவர்களே, தாய்மார்களே, குழந்தைகளே, எல்லோருக்கும் வணக்கம். அந்தரிக்கீ நமஸ்காரம்.

முதலில் சர்பஞ்ச் அம்மாவுக்கு ஒரு நன்றி. இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்தார்கள். காலையில் கரண்ட் போனபோது தன் வீட்டு ஜெனரேட்டரை ஆள் வைத்துத் தூக்கி அனுப்பினார்கள். அவர்களுக்குத் தமிழ் படிக்க வராது. ஆனாலும் போன வருஷம் நம் நூலகத்துக்கு முந்நூறு தமிழ்ப் புத்தகம் வாங்கிப் போட்டவர்கள் அவர்கள்தான். கல்வி அதிகாரி ஐயா வேறொரு கூட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். தலைவர் ஐயாவைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி, செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த நம் ஊர்கள் ஆந்திரத்தோடு சேர்ந்த அன்றைக்கு, தான் மூன்றாம் வகுப்புப் பையன் என்று எப்போதும் சொல்வார். திருத்தணிக்காகப் போராடிய ம.பொ.சி. போன்ற பெரியவர்களை நேரில் பார்த்த கண்கள் அவருடையவை. அவர் முன்னால் பேசுவது எனக்குப் பெருமை.

சரி. நாலு விஷயம் பேசலாம் என்று எழுதி வந்திருக்கிறேன். ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற மனிதர் யார் என்பது ஒன்று. அவர் அலைந்த கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் நாங்கள் ஏழு பேர் வேன் எடுத்துக்கொண்டு போன கதை இரண்டாவது. கல்லுக்கு எப்படி வயது கணக்கிடுகிறார்கள் என்பது மூன்று. கர்நூல் பக்கம் பில்லாசுர்க்கம் குகைகளில் ஃபுட்டும் அவர் மகனும் 1884-இல் தோண்டிய கதை நான்கு.

அதற்கு முன்னால் ஒரு பழமொழி. என் வகுப்பில் படித்தவர்களுக்கு இது மனப்பாடம். 'கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம்.' தெரு நாயை அடிக்கக் கல் தேடுவதைப் பற்றிய பழமொழி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை என்று முப்பது வருஷமாகச் சொல்லி வருகிறேன். கோயில் வாசலில் கல்லில் செதுக்கிய நாய் இருக்கிறது. நாய் என்று பார்த்தால் கல் மறைந்துபோகும். கல் என்று பார்த்தால் நாய் மறைந்துபோகும். பார்க்கிறவன் கண்ணில் இருக்கிறது விஷயம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

ஃபுட் 1834-இல் இங்கிலாந்தின் செல்டன்ஹாமில் பிறந்தவர். 1858-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். பாறைகளைப் பார்த்து வரைபடம் போடுவதுதான் அவருக்குச் சம்பளம் கொடுத்த வேலை. பாலாற்றுக்கு வடக்கே, நம் பக்கம் முழுக்க, அந்த வேலைக்காக அலைந்தார். அந்தக் காலத்தில்தான், 1859 வாக்கில், பிரான்ஸில் சோம் ஆற்றங்கரையில் கிடைத்த கற்கருவிகள் மிகப் பழைய மனிதன் செய்தவைதான் என்று ஐரோப்பிய அறிஞர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அந்தச் சேதி ஃபுட்டின் மனதில் இருந்தது. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில், ராணுவ அணிவகுப்புத் திடல் பக்கம், சரளைக்காகத் தோண்டிய சின்னக் குழி. வெட்டி வெளியே போட்ட குவியலில் ஒரு கல். குனிந்து எடுத்தார். கைக்கோடாரி! மரப்பிடி இல்லாமல் கையிலேயே பிடித்து வெட்டச் செதுக்கிய கல். இந்தியாவில் பழைய கற்காலக் கருவி என்று அடையாளம் கண்ட முதல் கல் அது. அப்போது அவருக்கு வயது 28.

அந்தக் குழியை எத்தனை பேர் கடந்து போயிருப்பார்கள்? வெட்டிய கூலியாட்கள், சிப்பாய்கள், வண்டிக்காரர்கள் எல்லோரும் சரளையைக் கண்டார்கள். அவர் மட்டும் கோடாரியைக் கண்டார். கல்லைக் கண்டால் நாயைக் காணோம்.

நாலு மாதம் கழித்து, செப்டம்பர் 28-ஆம் தேதி, தன்னோடு வேலை பார்த்த வில்லியம் கிங்குடன் பூண்டிக்குப் பக்கத்தில் உள்ள அத்திரம்பாக்கத்துக்குப் போனார். கொசஸ்தலையில் சேரும் ஓடை அரித்த கரையில், மண்ணடுக்குக்குள்ளேயே புதைந்திருந்த கருவிகள் கிடைத்தன. பல்லாவரத்துக் கல்லை யாரோ கொண்டுவந்து போட்டிருக்கலாம் என்று சொல்ல முடியும். அத்திரம்பாக்கத்தில் அப்படிச் சொல்ல வழியில்லை.

இனி எங்கள் பயணம். போன தை மாதம், நானும் ஓய்வு பெற்ற ஆசிரியர் இருவரும், தம்பி மகன்கள் இருவரும், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தியும், வேன் ஓட்டிய தம்பியுமாக ஏழு பேர். பல்லாவரத்தில் தொடங்கினோம். அந்தக் குழி எங்கே இருந்திருக்கும் என்று தேட அங்கே ஒன்றும் மிஞ்சவில்லை. தலைக்கு மேலே விமானம் இறங்குகிறது, கீழே நெரிசல். ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

அங்கிருந்து பூண்டி. 1944-இல் கட்டி முடித்த நீர்த்தேக்கம், சென்னை மேயராக இருந்து அதற்காகப் பாடுபட்ட சத்தியமூர்த்தியின் பெயரில் இருக்கிறது. ஊத்துக்கோட்டை எல்லையில் கிருஷ்ணா வாய்க்கால் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து இந்த ஏரிக்குத்தான் போகிறது. கண்டலேறிலிருந்து நம் ஆந்திர மண்ணில் நூற்றைம்பது கிலோமீட்டர் ஓடிவந்த தண்ணீர். அந்தத் தண்ணீருக்கு எல்லை தெரியாது. கொசஸ்தலைக்கும் தெரியாது. ஒரு கை காவேரிப்பாக்கம் பக்கமிருந்து வருகிறது, இன்னொரு கை நகரி மலையிலிருந்து வருகிறது. கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் பள்ளிப்பட்டுக்காரர்கள் தூக்கம் கெட்டு எழுந்து உட்காருகிறார்கள். இரண்டும் பூண்டியில் சேர்ந்து கடைசியில் எண்ணூரில் கடலுக்குப் போகிறது. ஃபுட் காலத்தில் இதெல்லாம் ஒரே மாகாணம். அவர் வரைபடத்தில் நாமும் பூண்டியும் ஒரே தாளில் இருந்தோம்.

பூண்டியில் தமிழ்நாடு தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. சின்ன இடம். அங்கே நடந்ததைச் சொல்ல வேண்டுமானால், முதலில் என் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும்.

பன்னிரண்டு வருஷம் முன்பு வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை கட்டினோம். பேஸ்மட்டம் நிரப்ப நாலு லோடு கிராவல் சொன்னோம். மூன்று லோடு மாலையில் வந்தது. நாலாவது லோடு ராத்திரி பத்து மணிக்கு வந்து, வாசலை அடைத்துக் கொட்டிவிட்டுப் போய்விட்டது. காலையில் பால்காரர் உள்ளே வர முடியவில்லை. என் அம்மாவுக்கு அப்போது எண்பத்தொரு வயது. வாசல் தெளிக்க வந்தவர்கள் குவியலைப் பார்த்துத் திட்ட ஆரம்பித்தார்கள். திட்டிக்கொண்டே ஒரு கூடை எடுத்து அவர்களே வாரினார்கள். மேஸ்திரி ஓடிவந்து, 'விடுங்க பாட்டி, நான் பார்த்துக்கறேன்' என்கிறார். அம்மா கேட்பார்களா? ரெண்டு கூடை வாரின பிறகு, குவியலிலிருந்து ஒரு கல்லைக் கையில் எடுத்து நின்றுவிட்டார்கள்.

'இது என்னடா, கைக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு?'

மாங்கொட்டை மாதிரி கல். ஒரு பக்கம் உருண்டை, மறுபக்கம் கூர். உள்ளங்கையில் அப்படியே உட்கார்ந்தது. மேஸ்திரியும் வாங்கிப் பார்த்தார். 'ஆத்துக் கல்லு பாட்டி, தண்ணி தேய்ச்சது' என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அம்மா அதைக் கழுவித் துடைத்துச் சமையலறைக்குக் கொண்டுபோனார்கள். பல் போன பிறகு பாக்கு இடித்துத்தான் போடுவார்கள். வீட்டில் இரும்பு இடிகல் இருந்தது. அன்றிலிருந்து அதைத் தொடவில்லை, இந்தக் கல்தான். 'இரும்புல இடிச்சா ருசி போயிடுது' என்பார்கள். கடைசி ஆறு வருஷம் அந்தக் கல் அம்மாவின் வெற்றிலைப் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. வீட்டுக்கு வந்த உறவுக்காரர்கள் எத்தனை பேர், நான் எத்தனை தடவை, அதைக் கையில் எடுத்திருப்போம்! பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் அந்தப் பழமொழிக்கு விளக்கம் சொன்னவன் நான். என் வீட்டுக்குள்ளேயே கல் இருந்தது, பாக்குக் கல்லாக.

பூண்டி அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டி முன்னால் என் பேத்தி நின்றுவிட்டாள். அத்திரம்பாக்கத்துக் கைக்கோடாரி. திரும்பி என்னைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: 'தாத்தா, இது நம்ம கொள்ளுப்பாட்டியோட பாக்குக் கல்லு!'

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இப்போது சொல்லும்போதும் நிறைகிறது. அந்தக் கல்லைத்தான் இன்றைக்குக் கொண்டுவந்திருக்கிறேன். வரிசையாகக் கை மாற்றிப் பாருங்கள். அந்தக் கூர் முனைப் பக்கம் சின்னச் சின்னப் பள்ளமாகத் தெரிகிறதே, தண்ணீர் தேய்த்தால் கல் வழவழப்பாகும், இப்படிச் சில்லு சில்லாகப் பெயராது. ஒருவர் உட்கார்ந்து அடித்துப் பெயர்த்த தடம் அது.

மறுநாள் அத்திரம்பாக்கம் போனோம். செம்மண் பள்ளமும் முள்ளுமாக வெறும் நிலம். ஆறு சற்றுத் தள்ளி ஓடுகிறது. இங்கேதான் தொல்லியல் ஆய்வாளர் சாந்தி பப்பு அம்மையாரும் அவர் குழுவினரும் 1999 முதல் பல ஆண்டுகள் தோண்டினார்கள். ஒன்பது மீட்டர் ஆழம் வரைக்கும். 3,500-க்கும் மேற்பட்ட கருவிகள். 2011-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு, அடியில் கிடைத்தவற்றின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு. 2018-இல் இன்னொரு முடிவு, அதே இடத்தில் சுமார் 3,85,000 ஆண்டுக்கு முன் கருவி செய்யும் முறையே மாறியிருக்கிறது. அந்த 15 லட்சத்தை எப்படிக் கணக்கிட்டார்கள் என்றால், விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் கல்லில் படும்போது அலுமினியத்திலும் பெரிலியத்திலும் ஒரு தனி வகை உண்டாகிறது. கல் புதைந்த பிறகு அவை வேறு வேறு வேகத்தில் குறைகின்றன... தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். இதை இன்னொரு நாள் கரும்பலகை வைத்துச் சொல்கிறேன்.

சொல்லியே ஆக வேண்டியது வேறு. அந்தக் கருவிகள் செய்யக் கல் எங்கிருந்து வந்தது? அல்லிக்குழி மலைப் பக்கத்திலும் நம் பக்கத்திலும் இருக்கிற கூழாங்கல் குன்றுகள். குவார்ட்சைட் என்ற கெட்டியான கல்லின் உருண்டைகள் சிமென்ட் போட்டு ஒட்டினாற்போல் இறுகிப்போன பாறை. நிலவியல் நூல்களில் அந்தப் பாறைப் படிவத்துக்குப் பெயரே 'சத்தியவேடு'தான். நம் ஊர்ப் பெயர்! எத்தனை பேருக்குத் தெரியும்? நம் பிள்ளைகளின் சமூகப் பாடப் புத்தகத்தில் ஹரப்பா இருக்கிறது, எகிப்து இருக்கிறது. படிக்கட்டும், நல்லதுதான். சைக்கிளில் போகிற தூரத்தில் இருப்பதையும் படிக்க வேண்டாமா?

ஊர் திரும்பியதும் அந்த நாலாவது லோடு எங்கிருந்து வந்தது என்று விசாரித்தேன். டிப்பர் ஓட்டிய பெரியவர் இப்போது ஓய்வில் இருக்கிறார். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். ஒரு சின்ன மேடு இருந்த இடம் அது. இப்போது மேடு இல்லை. இருபதடிப் பள்ளம், மழைத் தண்ணீர், ஓரத்தில் எருமை. அந்த மேடு எங்கே? என் பேஸ்மட்டத்தில் இருக்கிறது. உங்கள் பேஸ்மட்டத்திலும் இருக்கிறது. ரோட்டுக்கு அடியில் இருக்கிறது. யாரையும் குற்றம் சொல்லி நான் இங்கே நிற்கவில்லை. வீடு கட்ட வேண்டும், ரோடு போட வேண்டும், தொழிற்சாலை வர வேண்டும். தோண்டுவதற்கு முன் ஒரே ஒரு நாள், விஷயம் தெரிந்த ஒருவர் வந்து நடந்து பார்க்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன். பல்லாவரத்தில் ஒரு மனிதர் குழி ஓரத்தில் குனிந்தார். இங்கே குனிய ஆள் வருவதற்குள் ஜேசிபி வந்துவிடுகிறது. கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்பதுகூடச் சரி, நம் ஊரில் இனிமேல் கல்லையும் காணோம் என்றாகிவிடும்.

அப்புறம், நம் மேல்நிலைப் பள்ளியில் பழைய ஆய்வகத்துக்குப் பக்கத்து அறை பூட்டியே கிடக்கிறது. கல்வி அதிகாரி ஐயா இங்கேயே இருக்கிறார், அவரிடமே கேட்கிறேன். அந்த அறையைக் கொடுங்கள். மர அலமாரி நாங்கள் செய்து தருகிறோம். நிலத்திலோ லோடிலோ கல் கிடைத்தவர்கள் கொண்டுவரட்டும். எந்த ஊர், எந்த மேடு என்று ஒரு சீட்டு, தமிழில் ஒரு வரி, தெலுங்கில் ஒரு வரி. ஃபுட் அப்படித்தான் கல் கல்லாக இடம் எழுதிச் சேர்த்தார். அவர் சேர்த்தவை 1904-இல் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன, அதனால்தான் இன்றும் இருக்கின்றன. பிள்ளைகளே, ஒன்று மட்டும் கேளுங்கள். அத்திரம்பாக்கம் பாதுகாக்கப்பட்ட இடம். போய்ப் பாருங்கள், ஒரு கல்லையும் எடுக்காதீர்கள்.

பில்லாசுர்க்கம் கதைக்கு நேரமில்லை. ஃபுட் 1912-இல் கல்கத்தாவில் காலமானார், ஏற்காட்டு தேவாலயத்தில் அவருக்கு நினைவுக்கல் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

நான் இப்போது கேட்டவற்றுக்கான மனு வாசலில் மேசை மேல் இருக்கிறது. இரண்டு மொழியிலும் எழுதியிருக்கிறது, பேனா நூலில் கட்டியிருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். சர்பஞ்ச் அம்மா முதல் கையெழுத்தைப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கடைசி வரிசைத் தம்பிகள் பார்த்து முடித்ததும் அம்மாவின் கல்லை என்னிடம் கொண்டுவந்து கொடுங்கள். வணக்கம்.