சாறும் சக்கையும்

(கம்பத்தில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

திராட்சை விளையும் ஊரில் நின்றுகொண்டு பழச்சாறு குடிக்காதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. சொன்னால் நீங்கள் என்னை மேடையிலிருந்து இறங்க விடமாட்டீர்கள். குமுளி மலையேறிக் கேரளத்துக்குப் போகும் நம் பன்னீர்த் திராட்சை, 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற பழம். அதன் சாற்றை இனிப்புக்காகவே விரும்பிக் குடிப்பதில் பிழையில்லை. எவ்வளவு, எப்படி என்பதில்தான் கவனம் வேண்டும்.

ஜூஸ் கடையில் சற்று நின்று பாருங்கள். கழுவிய பழத்தை விதையோடு மிக்சியில் போட்டு, இரண்டு கரண்டி சீனியும் ஐஸும் சேர்த்து அடித்து, வடிகட்டியில் ஊற்றிக் கரண்டியால் அழுத்துகிறார்கள். நார்ச்சத்தில் பெரும்பகுதியும், தோலிலும் விதையிலும் உள்ள துவர்ப்புச் சத்துகளில் கணிசமான பங்கும் சக்கையோடு வாளிக்குப் போய்விடுகின்றன. மென்று தின்றால் ஒரு கொத்திலேயே போதும் என்றிருக்கும் பழத்தை, சாறாக்கினால் இரண்டு மடக்கில் முடித்துவிட்டு இன்னொரு கிளாஸ் கேட்கிறோம்.

உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இந்த வேறுபாட்டைக் கணக்கில் கொள்கிறது. முழுப் பழத்துக்குள் இருக்கும் சர்க்கரைக்கு அது வரம்பு வைக்கவில்லை. பிழிந்த சாற்றில் உள்ளதையோ, நாம் போடும் சீனியோடும் தேனோடும் சேர்த்தே எண்ணுகிறது. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு அது 50 கிராமுக்குள், கூடுமானால் 25 கிராமுக்குள் இருக்க வேண்டும். 200 மில்லி திராட்சைச் சாற்றில், சீனி போடாமலேயே, ஏறத்தாழ 30 கிராம் இருக்கிறது.

ஆகவே சீனி வேண்டாம், வடிகட்டவும் வேண்டாம் என்று சொல்லி, அரை கிளாஸ் வாங்கி நிதானமாகக் குடியுங்கள். குமுளியில் குலுக்கி சர்பத் குடிப்பவர்கள் பாகைப் பாதியாக்கச் சொல்லலாம். எலுமிச்சையின் மணம் அப்போதுதான் தெரியும் என்பது என் கட்சி. கீரை, பயறு சேர்ந்த சாப்பாட்டோடு எலுமிச்சைச் சாறு சேர்ந்தால், அதிலுள்ள வைட்டமின் சி அவற்றின் இரும்புச் சத்தை உடல் ஏற்க உதவுகிறது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குப் பழச்சாறே தேவையில்லை.

சர்க்கரை நோயாளிகளுக்கு வழக்கமாகச் சாறு ஆகாது. ஆனால் மருந்து உட்கொள்ளும் ஒருவருக்கு இரத்தச் சர்க்கரை 70க்குக் கீழ் இறங்கி, வியர்த்து, கை நடுங்கும்போது, அவர் நினைவோடு விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால், அதே அரை கிளாஸ் சாறுதான் முதலுதவி. அதைக் கொடுத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு அரை கிளாஸ் கொடுத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள்.