வெட்டி எறிந்த வளையம்

வணக்கம். ஒரு கணக்கோடு தொடங்குகிறேன். புரதம் செய்யும் மரபணுக்கள் நம்மிடம் ஏறத்தாழ 20,000. ஆனால் கிருமிகளைப் பிடிக்க நம் உடல் செய்யக்கூடிய எதிர்ப்பொருள்களோ (ஆன்டிபாடி என்ற புரதங்கள்) கோடிக்கணக்கான வகை. வகைக்கு ஒரு மரபணு என்றால் எப்படிக் கட்டுப்படியாகும்?

1976-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சுசுமு டொனேகாவாவும் நொபுமிச்சி ஹொசுமியும் இதை நேரடியாகவே சோதித்தார்கள். எலிக் கருவின் டி.என்.ஏ. ஒருபுறம், எதிர்ப்பொருள் சுரக்கும் எலிப் புற்றுக்கட்டியின் டி.என்.ஏ. மறுபுறம். இரண்டையும் ஒரே நொதியால் நறுக்கி, ஜெல்லில் ஓடவிட்டு, எதிர்ப்பொருள் மரபணுவின் இரு பகுதிகளையும் தேடினார்கள். கருவில் அவை வெவ்வேறு துண்டுகளில் இருந்தன. கட்டியில் ஒரே துண்டில்! அதாவது, செல் வளரும்போது டி.என்.ஏ.வையே வெட்டி ஒட்டியிருக்கிறது. உடலின் எந்த செல்லிலும் டி.என்.ஏ. அப்படியே இருக்கும் என்று பாடம் எடுத்தவர்களுக்குத் தூக்கம் போயிருக்கும். 1987-இல் டொனேகாவாவுக்கு நோபல்.

எதிர்ப்பொருளைச் செய்வது எலும்பு மஜ்ஜையில் வளரும் பி செல் என்ற வெள்ளை அணு. அதில், எதிர்ப்பொருளின் கனச் சங்கிலிக்கென்று (அதன் பெரிய பாகம்) வி, டி, ஜே என்ற மரபணுத் துண்டுகள், வி சுமார் 40, டி 23, ஜே 6, வரிசையாகக் கிடக்கின்றன. ராக்-1, ராக்-2 என்ற புரதங்கள் நடுவில் இருப்பதை வெட்டியெடுக்க, முதலில் ஒரு டி ஒரு ஜே-யோடு சேரும். அப்புறம் ஒரு வி வந்து சேரும். எங்கே வெட்டுவது? துண்டின் ஓரத்தில் டி.என்.ஏ. எழுத்துகளால் ஆன அடையாளங்கள்: 7 எழுத்தில் ஒன்று, 9 எழுத்தில் ஒன்று. இரண்டுக்கும் நடுவே இடைவெளி 12 அல்லது 23 எழுத்து. 12-க்கு 23 தான் ஜோடி. வி, ஜே இரண்டுக்கும் 23. டி-க்கு இருபுறமும் 12. அதனால் டி-யை விட்டுவிட்டு வி நேராக ஜே-யிடம் போக முடியாது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

ஒட்டுப்போடும் இடம்தான் அலங்கோலம். சில எழுத்துகள் உதிரும். ஒரு நொதி எந்த மூலத்தையும் பார்க்காமல் சில எழுத்துகளைச் சொருகும். மும்மூன்று எழுத்தாகப் படிக்க வேண்டிய மரபணு இது. ஆகவே மூன்றில் இரண்டு ஒட்டு வீண். ஜோடிக் குரோமோசோமிலும் தவறினால் செல் அங்கேயே சாகும். விரயம்தான். ஆனால் துண்டுகளின் சேர்க்கை மட்டும் என்றால் லட்சங்களில் நின்றுவிடும். கோடிகளுக்குக் கொண்டுபோவது இந்த ஒட்டுதான்.

சரி, வெட்டிய துண்டு என்ன ஆகும்? போன கூட்டத்தில் ஒரு மாணவி கேட்டார். முனைகள் ஒட்டி, வளையமாகி, செல்லுக்குள்ளேயே கிடக்கும். செல் பிரியும்போது நகலாகாது. டி செல் என்ற இன்னொரு வெள்ளை அணுவும், கிருமியை அடையாளம் காணும் தன் புரதத்துக்காக, இப்படித்தான் வெட்டி ஒட்டுகிறது. (தமிழில் எழுதினால் இந்த டி-யும் அந்த டி-யும் ஒன்றாகிவிடுகிறது; இது நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியில் வளர்வது.) பல நாடுகளில், பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தியெடுத்த சொட்டு ரத்தத்தில் அந்த வளையங்களைத்தான் எண்ணுகிறார்கள். வளையமே இல்லையென்றால், டி செல்லே உருவாகவில்லை, குழந்தைக்கு நோய் எதிர்ப்பு இல்லை என்ற சந்தேகம். முதல் காய்ச்சல் வரும் முன்பே பெற்றோருக்குப் போன் போய்விடும்.